ஊட்டி உயரத்தில் பதினொரு மணி நேரம்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையே, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால், சுமார் 8,200 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் பறக்கும் விமானத்துக்கு இது ஏறக்குறைய பதினொரு மணி நேரப் பயணம். எகானமி வகுப்புப் பயணி இந்தப் பதினொரு மணி நேரத்தையும் 17 அல்லது 18 அங்குல அகலமுள்ள இருக்கையில் கழிக்கிறார். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே விடப்படுவது பெரும்பாலும் 30 முதல் 32 அங்குலம். அதில் இருக்கையின் கனமும் அடக்கம் என்பதால் கால்களுக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு.

முதன்முறை தனியாக வெளிநாடு போகிறவர்கள், போய்ச் சேர்ந்தபின் வரும் அலுப்பு முழுவதுக்கும் இந்தச் சின்ன இருக்கையைத்தான் குறை சொல்வார்கள். பழி பாதிக்குமேல் தவறான இடத்தில் விழுகிறது. கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம், வறட்சி, இரைச்சல், போய் இறங்கும் ஊரின் கடிகாரம் ஆகிய நான்கும் முன்பகுதியில் காலை நீட்டிப் படுத்து வரும் பிசினஸ் வகுப்புப் பயணியையும் தொடுகின்றன. மலிவான டிக்கெட்டில் குறைவது இடமும் உபசாரமும் மட்டுமே. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் 1952 மே மாதம் ‘டூரிஸ்ட்’ கட்டணமும், 1958-ல் அதைவிட மலிவான ‘எகானமி’ கட்டணமும் வந்தபோது விமான நிறுவனங்கள் செய்ததும் அதுதான்: இருக்கைகளை நெருக்கிப் போட்டன, உபசாரத்தைக் குறைத்தன.

உடலுக்கு முதல் குழப்பம் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் வருகிறது. விமானம் தரையை விட்டு எழும்வரை எஞ்சின்கள் முழு வேகத்தில் இரைகின்றன. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அடி ஏறியதும் விமானிகள் எஞ்சின் விசையைச் சற்றுத் தணிக்கிறார்கள். இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. வயிறு ஒரு கணம் கீழிறங்குகிறது. எஞ்சின் நின்றுவிட்டதோ, விமானம் விழுகிறதோ என்ற திகில் புதுப் பயணிக்கு அப்போதுதான் எழும். உண்மையில் விமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. உள்காதில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் ஒரு பசைப்படலத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவை சரிவதை வைத்தே மூளை சாய்வையும் முடுக்கத்தையும் அறிகிறது. இந்த உறுப்புக்கு வேகத்தை உணரத் தெரியாது, வேகம் மாறுவதைத்தான் உணரத் தெரியும். ஏறும் வேகம் கொஞ்சம் குறைந்தாலே ‘இறங்குகிறோம்’ என்று அது செய்தி அனுப்பிவிடுகிறது. வெளியே அடிவானம் தெரிந்தால் கண் இந்தப் பிழையைத் திருத்தும். இரவிலும் மேகத்துக்குள்ளும் திருத்த ஆளில்லை.

சத்தங்களுக்கும் இப்படியே காரணம் உண்டு. கிளம்பியவுடன் காலடியில் கேட்கும் ‘தடால்’ சக்கரங்கள் உள்ளே மடங்கிக் கதவு மூடுவது. நீண்ட மின்மோட்டார் போன்ற ஓசை, இறக்கையின் பின்விளிம்பில் நீட்டியிருந்த மடல்கள் உள்ளே இழுக்கப்படுவது. கழிவறையில் பொத்தானை அழுத்தியதும் எழும் அலறல்தான் பலரைத் தூக்கிவாரிப் போடும். அங்கே தண்ணீர் ஊற்றிக் கழுவும் ஏற்பாடு கிடையாது. கேபினுக்கும் வெளிவானத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாடே கழிவை உறிஞ்சித் தொட்டிக்குக் கொண்டுபோகிறது.

அந்த அழுத்த வேறுபாடுதான் பயணத்தின் மையச் செய்தி. நெடுந்தூர விமானம் 35,000 முதல் 40,000 அடி வரை, அதாவது சுமார் 11, 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. 11 கிலோமீட்டரில் வெளிக்காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 56 டிகிரி செல்சியஸ். அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பாதுகாப்பில்லாமல் அந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்கு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம்தான் தெளிவான நினைவு இருக்கும். பிராணவாயு முகமூடி கீழே தொங்கினால் பக்கத்திலிருப்பவருக்கு உதவுமுன் தனக்கு மாட்டிக்கொள்ள வேண்டும் என்று பணிப்பெண்கள் ஒவ்வொரு முறையும் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அந்த முகமூடிக்கு வாயு தரும் வேதிப்பெட்டி பெரும்பாலும் கால் மணி நேரம் அளவுக்கே போதும். அதற்குள் விமானிகள் மூச்சுவிடத் தக்க 10,000 அடிக்கு விமானத்தை இறக்கிவிடுவார்கள்.

சாதாரண நாளில் இது எதுவும் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், வெளிக்காற்றை அமுக்கி உள்ளே நிரப்பும் ஏற்பாடு. ஆனால் கடல்மட்ட அழுத்தம் வரை நிரப்புவதில்லை. விமானத்தின் உடல் ஒரு பலூன்போல. உள்ளே அதிகம் நிரப்பினால் அதைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும், சுவர் தடித்தால் எடை கூடும், எடை கூடினால் எரிபொருள் கூடும். மேலும் ஒவ்வொரு பயணத்திலும் அது ஒரு முறை உப்பி ஒரு முறை சுருங்குவதால் உலோகம் களைத்துப்போகிறது. உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானமான காமெட்டில் இரண்டு, 1954-ல் மத்தியதரைக் கடலின் மேல் நடுவானில் பிளந்து விழுந்தது இந்தக் களைப்பினால்தான். ஆகவே விதிகள் ஒரு சமரசத்தை ஏற்றுக்கொண்டிருக்கின்றன: கேபின் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதைவிடக் குறையக்கூடாது.

நீலகிரியை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. தொட்டபெட்டா சிகரம் 8,650 அடி. பழைய வகை விமானத்தில் பயணி உட்கார்ந்திருப்பது இந்த இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு சரிவில். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் கேபின் உயரம் சுமார் 6,000 அடிக்குள் நிற்கிறது. அது குன்னூர். 787-ன் உடல் கரியிழைக் கலவையால் ஆனது. உலோகம்போல அது எளிதில் களைப்பதில்லை என்பது இந்த இறக்கத்துக்கு ஒரு காரணம்.

உள்ளே ஊட்டி, வெளியே எவரெஸ்டைவிட உயரம்: இந்த வேறுபாடு விமானத்தின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட எடையாக வெளிநோக்கி அழுத்துகிறது. நடுவானில் யாராவது கதவைத் திறந்துவிட்டால் என்னாவது என்று பயப்படுகிறவர்களுக்கு இதுவே பதில். பெரும்பாலான பயணிகள் விமானக் கதவுகள் அடைப்பான்போல உட்பக்கத்திலிருந்து இறுகப் பொருந்துபவை. இந்த உயரத்தில் அவற்றை இழுத்துத் திறக்கும் வலு எந்த மனிதக் கைக்கும் கிடையாது. ஜன்னலின் நடுக் கண்ணாடியில் காணப்படும் பொட்டளவு துளையும் விரிசல் அல்ல. அழுத்தம் முழுவதையும் வெளிக்கண்ணாடி தாங்கும்படி செய்வதற்கும், கண்ணாடிகளுக்கு இடையே ஈரம் படியாமல் இருப்பதற்கும் வேண்டுமென்றே வைத்த துளை அது.

ஊட்டி உயரம் ஆரோக்கியமான உடலுக்கு ஒரு பொருட்டல்ல. ஆனாலும் சுவடில்லாமல் போவதுமில்லை. தரையில் 97, 98 சதவீதமாக இருக்கும் இரத்தப் பிராணவாயுச் செறிவு 8,000 அடிக் கேபினில் நான்கு புள்ளி அளவுக்குக் குறைகிறது. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 500 பேரை அழுத்த அறையில் 20 மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். உயரம் கூடியதால் மலைநோய் கூடவில்லை. ஆனால் 7,000, 8,000 அடியில் இருந்தவர்களுக்கு மூன்று மணி நேரம் கழிந்தபின் உடல் அசௌகரியம் கூடியது. 6,000 அடிவரை அந்த வேறுபாடு தெரியவில்லை. நெடும்பயணத்தில் இன்னதென்று சொல்லமுடியாமல் வரும் சோர்வுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. கடும் இரத்தசோகை, நாட்பட்ட நுரையீரல் நோய், இதயக்கோளாறு உள்ளவர்களுக்கு இந்த நான்கு புள்ளி பெரிய விஷயம். அவர்கள் டிக்கெட் எடுக்குமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

அழுத்தம் குறைந்தால் அடைபட்ட வாயு விரியும். பை நிறைய எடுத்துப்போன சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்பதும், மேலே குடித்து மூடிய தண்ணீர் பாட்டில் தரையிறங்கும்போது நசுங்கிக் கிடப்பதும் இதனால்தான். குடலில் உள்ள வாயுவும் பாக்கெட் காற்றைப் போலவே மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. பேன்ட்டின் இடுப்பு இறுகுவது விமானச் சாப்பாட்டினால் மட்டுமல்ல. புறப்படுமுன் மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், சோடா வகையறாவைத் தவிர்ப்பது பக்கத்து இருக்கைக்காரருக்கும் செய்யும் உபகாரம்.

கேபின் காற்றைப் பற்றிப் பரவலாக உள்ள எண்ணம், அது நூற்றுக்கணக்கானோர் விட்ட மூச்சையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் தேங்கிய காற்று என்பது. அப்படியில்லை. பெரும்பாலான விமானங்களில் எஞ்சினின் அமுக்கிப் பகுதியிலிருந்து சூடான காற்றை எடுத்துக் குளிரவைத்து உள்ளே விடுகிறார்கள். ஏறக்குறைய பாதி வெளிக்காற்று, மீதி பாதி கேபினிலிருந்தே எடுத்து ஹெபா வடிகட்டி வழியாகச் செலுத்திய காற்று. இந்த வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். காற்று ஒரு மணி நேரத்தில் 20 முதல் 30 முறை முழுவதுமாக மாற்றப்படுகிறது. கூரையிலிருந்து இறங்கி அந்தந்த வரிசையின் தரையோரமாகவே வெளியேறுகிறது. இருமுகிறவர் அடுத்த இருக்கையில் இருந்தால் வடிகட்டியால் பயனில்லை என்பது வேறு விஷயம்.

கேபின் காற்றின் மெய்யான குறை அதன் வறட்சி. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 56 டிகிரியில் இருக்கும் காற்றில் ஈரம் ஒட்டியிருக்க வழியே இல்லை. அதைச் சூடாக்கி உள்ளே விடும்போது ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதத்தில்தான் நிற்கிறது. எழுபது சதவீதத்தில் பழகிய சென்னை உடலுக்கு அது பாலைவனம். கேபினில் உள்ள கொஞ்ச ஈரமும் பயணிகளின் மூச்சிலும் வியர்வையிலும் வந்ததே. அதனால் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்த எகானமியில் ஈரப்பதம் சற்றுக் கூடுதல். பணம் அதிகம் கொடுத்தவர்கள் அதிக வறட்சியை வாங்குகிறார்கள்.

தொண்டை வறள்வதை வைத்து உடலே வற்றிப்போவதாக நினைத்து லிட்டர் கணக்கில் குடிப்பவர்கள் உண்டு. மூக்கின் சவ்வு, கண், உதடு, தோல் ஆகிய மேற்பரப்புகள்தான் காய்கின்றன. எட்டு மணி நேரத்தில் வறட்சியால் உடல் கூடுதலாக இழப்பது சுமார் 100 மில்லிலிட்டர், ஒரு காபி டம்ளர் அளவு. தாகத்துக்குக் குடித்தால் போதும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாறுவது நல்லது. மூக்கினுள் துளி எண்ணெயோ உப்புநீரோ இதமாக இருக்கும்.

விமானச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்ற குறையும் சமையற்காரரோடு முடிவதில்லை. ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்கிர்ஹெனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடம், ஒரு பழைய விமான உடலை அழுத்த அறைக்குள் வைத்து, அதில் ஆட்களை உட்காரவைத்துச் சுவை பார்க்கச் சொன்னது. குறைந்த அழுத்தத்தில் உப்பும் இனிப்பும் மங்கித் தெரிந்தன. புளிப்பும் கசப்பும் அவ்வளவாக மாறவில்லை. மூக்கு காய்ந்தால் மணம் போகும், மணம் போனால் ருசியில் பெரும்பகுதி போகும். இதோடு 80, 85 டெசிபல் இரைச்சலும் சேர்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், விமான இரைச்சலைக் கேட்டுக்கொண்டே சுவைத்தவர்களுக்கு இனிப்பு குறைந்தும் ‘உமாமி’ என்ற ஐந்தாம் சுவை கூடியும் தெரிந்தது. முற்றிய தக்காளியிலும் காளானிலும் இருப்பது அந்தச் சுவை. தரையில் சீண்டாதவர்கள்கூட வானத்தில் தக்காளிச்சாறு கேட்டு வாங்கிக் குடிப்பதன் புதிர் இப்படித்தான் விளக்கப்படுகிறது. தக்காளி தூக்கலான மிளகு ரசம் மேலே நன்றாகவே எடுபடவேண்டும், தயிர்சாதம் தோற்கும்.

இனி அந்த இருக்கை. இடக்குறைவு உண்மையில் தீங்கு செய்யும் ஒரே இடம் கால்கள். இதயம் காலுக்கு அனுப்பும் இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலேறித் திரும்பவேண்டும். அதற்குத் துணை கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி உள்ளிருக்கும் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் இந்தப் பம்பு நின்றுவிடும். நீர் கசிந்து பாதம் வீங்கும். இறங்கும் நேரத்தில் செருப்பு நுழையாது. அந்த வீக்கம் இரண்டொரு நாளில் தானே வடியும். அபூர்வமாக நிகழ்வது வேறு: ஆழத்துச் சிரையில் தேங்கிய இரத்தம் உறைகிறது, உறைகட்டி பிய்ந்து நுரையீரலில் போய் அடைக்கிறது. பின்னது உயிரைப் பறிக்கும்.

இதன் முதல் பெரிய சாட்சி விமானத்தில் கிடைத்ததல்ல. 1940-ல் ஜெர்மன் குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் மக்கள் இரவெல்லாம் பதுங்கறைகளில் துணிச்சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கினார்கள். குண்டு படாதவர்களும் காலையில் எழுந்தவுடன் சுருண்டு விழுந்து இறந்தார்கள். நோய்க்கூறு மருத்துவர் கீத் சிம்ப்ஸன் அந்த உடல்களில் நுரையீரல் அடைப்பைக் கண்டார். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடிப்பகுதியை இரவு முழுவதும் அழுத்தி இரத்தத்தைத் தேக்கியிருந்தது. நாற்காலிகளை எடுத்துவிட்டுப் படுக்கை போடவேண்டும் என்றார். 1954-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், நெடுநேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு ஏற்பட்ட கால் உறைவைப் பதிவுசெய்தார். 1977-ல் இதற்கு ‘எகானமி கிளாஸ் நோய்’ என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

பொருத்தமில்லாத பெயர். பிசினஸ் வகுப்பிலும் இது வருகிறது, இரவெல்லாம் ஓடும் சொகுசுப் பேருந்திலும் ரயிலிலும் காரிலும் வருகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகும் எந்தப் பயணமும் இந்த அபாயத்தை இரண்டு மடங்கு ஆக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை சொன்னது. இரு மடங்கானாலும் ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுதான். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள், உடல் பருத்தவர்கள், மிக உயரமானவர்கள், மிகக் குட்டையானவர்கள் ஆகியோருக்கு அது கூடுதல். குட்டையானவர்களுக்கு ஏன் என்று கேட்டால் சிம்ப்ஸனின் நாற்காலிக்கே திரும்பவேண்டும்: பாதம் தரையில் எட்டாதபோது இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்துகிறது. கைப்பையைக் காலடியில் வைத்து அதன்மேல் பாதத்தை ஊன்றிக்கொள்வது அவர்களுக்கு எளிய தீர்வு.

தனியாகப் போகிறவருக்கு இங்கே ஒரு சிறப்புச் சங்கடம் உண்டு. குடும்பத்தோடு போகிறவர் கணவரையோ பிள்ளையையோ தாண்டி எழுந்து போவார். முன்பின் தெரியாத இருவரை எழுப்பிவிட்டு வெளியே வரக் கூச்சப்படுகிறவர், ஜன்னலோரத்தில் சிக்கிக்கொண்டால் எட்டு மணி நேரம் எழாமலே இருந்துவிடுவார், தண்ணீரும் குடிக்கமாட்டார். ஜன்னலோர இருக்கையில் இருந்தவர்களுக்கு உறைவு அபாயம் கூடுதலாகக் காணப்பட்டது என்று ஆய்வுகளே சொல்கின்றன. மேகம் பார்க்க ஆசைதான். ஆனாலும் முதல் தனிப்பயணத்துக்கு நடைபாதையோர இருக்கையே மேல். மணிக்கொரு முறை எழுந்து நடப்பது, உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி விரல்களையும் பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலையும் தூக்குவது ஆகிய இரண்டே பம்பை மறுபடி ஓட்டும். கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் அமைந்த அழுத்தக் காலுறைகள் அறிகுறியில்லாத உறைவுகளைக் கணிசமாகக் குறைப்பது நிரூபணமானது. இதற்கென்று ஆஸ்பிரின் விழுங்குவதை மருத்துவ வழிகாட்டிகள் ஆதரிப்பதில்லை.

தூக்கத்துக்காக இலவச மதுவை நாடுவதும் நல்லதல்ல. ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட சோதனையில், மது அருந்திவிட்டுக் கேபின் அழுத்தத்தில் தூங்கிய இளைஞர்களின் இரத்தப் பிராணவாயு 85 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. இதயத்துடிப்பு தூக்கத்திலும் நிமிடத்துக்கு 88-ஐ நெருங்கியது. தூங்குகிறவர் செய்யவேண்டியது இன்னொன்றும் உண்டு: சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி மாட்டிக்கொள்வது. விமானம் குலுங்கும்போது பெல்ட்டைச் சரிபார்க்கப் பணியாளர்கள் எழுப்பமாட்டார்கள்.

பெல்ட் எதற்கு என்பது குலுக்கலின் இயல்பில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ‘ஜெட் ஸ்ட்ரீம்’ என்னும் காற்றாறுகள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலும் ஓடுகின்றன. லண்டன் போவதைவிட லண்டனிலிருந்து வருவது சீக்கிரம் முடிவது இவற்றால். பூமி சுழல்வதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஜப்பானிய வானிலையாளர் வாசபுரோ ஓஇஷி 1920-களிலேயே பலூன் விட்டு இந்த ஆற்றைக் கண்டுபிடித்து, உலகமெல்லாம் படிக்கட்டும் என்று எஸ்பெரான்டோ மொழியில் அறிக்கை எழுதினார். கிட்டத்தட்ட யாரும் படிக்கவில்லை. இந்த ஆற்றின் கரையோரங்களில் காற்றின் வேகம் திடீரென்று மாறும் இடங்களில் மேகமே இல்லாமல் குலுக்கல் பிறக்கிறது. ராடார் நீர்த்துளியைத்தான் காணும், தெளிந்த காற்றைக் காணாது.

குலுக்கலில் இறக்கை ஒடிந்துவிடும் என்ற பயம் வீண். பறக்கும் வாழ்நாளில் எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதித்த பின்பே விமானத்துக்கு அனுமதி; 787-ன் இறக்கையை 2010-ல் இப்படிச் சோதித்தபோது அதன் நுனி சுமார் 25 அடி மேலே வளைந்தது, ஒடியவில்லை. அபாயம் கேபினுக்குள் பெல்ட் போடாமல் இருப்பவருக்கே. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியான்மர் மேலே ஐந்து வினாடிக்குள் 178 அடி இறங்கியது. பெல்ட் இல்லாதவர்கள் கூரையில் மோதி விழுந்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் படுகாயமடைந்தனர். விமானம் பத்திரமாகப் பாங்காக்கில் இறங்கியது.

வானத்தில் கதிர்வீச்சு அதிகம் என்பது உண்மை, அளவு சிறியது. பத்து மணி நேரப் பறப்பில் உடல் பெறுவது ஒரு மில்லிசீவெர்ட்டில் சில நூறில் பங்கு. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதன் ஆண்டுக்குப் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவெர்ட். மோனசைட் மணல் கலந்த குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அது இன்னும் அதிகம்.

இறங்கும்போது காது அடைப்பதும் அழுத்தத்தின் வேலைதான். நடுக்காதையும் தொண்டையையும் ஒரு குறுகிய குழல் இணைக்கிறது. ஏறும்போது காதுக்குள் விரியும் காற்று அதன் வழியே தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று திரும்ப உள்ளே போகவேண்டும். ஆனால் அந்தக் குழல் ஒருவழிக் கதவுபோல ஒட்டிக்கொள்கிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் அதைத் தசைகள் திறக்கின்றன. ஆகவே மிட்டாய் சப்புவது, கைக்குழந்தைக்கு அந்நேரம் பால் கொடுப்பது. திறக்காவிட்டால் வாயை மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதலாம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இத்தாலிய உடற்கூறாளர் வால்சால்வாவின் பெயரால் வழங்கும் முறை அது. கடும் சளியோடு பறப்பவர்களுக்குச் செவிப்பறை கிழியும் அளவுக்கு வலி வரக்கூடும். இறங்கும்போது தூங்கிக்கொண்டிருப்பவர் விழுங்குவதில்லை என்பதால், அறிவிப்பு வந்ததும் விழித்துக்கொள்வது நல்லது.

விமானத்தை விட்டு இறங்கியபின் மிஞ்சுவது கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், இரு கண்ணின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து உடலின் நாளைக் கணக்கிடுகிறது. அணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்த அமெரிக்கர் மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் கடிகாரத்தின் சராசரிச் சுற்று 24 மணி அல்ல, 24 மணி 11 நிமிடம் என்று 1999-ல் அளந்தார்கள். இந்தப் பதினொரு நிமிடம் முக்கியமானது. தன்போக்கில் விட்டால் உடல் நாளுக்கு நாள் சற்றுத் தாமதமாகப் படுக்கவே விரும்புகிறது. மேற்கே போனால் நாள் நீளும், உடலுக்கு அது சம்மதம். கிழக்கே போனால் நாள் சுருங்கும், உடல் முரண்டு பிடிக்கும்.

குளிர்காலத்தில் லண்டன் சென்னைக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதே மாதங்களில் சிட்னி ஐந்தரை மணி நேரம் முன்னால். வேறுபாடு ஒன்றே, அனுபவம் வேறு. இரவு பத்துக்குப் படுத்து ஆறுக்கு எழும் சென்னைக்காரருக்கு லண்டனில் மாலை நாலரைக்கே கண் சொக்கும், நள்ளிரவு பன்னிரண்டரைக்கு விழிப்பு வரும். சிட்னியில் அதிகாலை மூன்றரை வரை தூக்கம் வராது, காலை பதினொன்றரைக்குத்தான் உடல் எழ ஒப்பும். மேற்கே நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமும் கிழக்கே ஒரு மணி நேரமும் உடல் நகரும் என்பது பொதுவான கணக்கு.

இந்த நகர்வைத் தள்ளிவிடும் முக்கியக் கருவி வெளிச்சம். ஆனால் நேரம் தவறினால் அதுவே எதிராக வேலை செய்யும். உடலின் வெப்பம் மிகத் தாழ்வது வழக்கமாக விடியற்காலை நாலரை மணி வாக்கில். அதற்கு முன் கண்ணில் படும் ஒளி கடிகாரத்தைப் பின்னுக்கும், பின் படும் ஒளி முன்னுக்கும் தள்ளுகிறது. சென்னையின் நாலரை மணி, லண்டனில் முந்திய இரவு பதினொன்று. ஆகவே அங்கே மாலையில் நல்ல வெளிச்சத்தில் இருந்தால் கடிகாரம் பின்னுக்கு, வேண்டிய திசையில் நகரும். சிட்னியிலோ அது காலை பத்து மணி. முதல் நாள் விடிந்ததும் சூரிய ஒளியில் நடக்கப் போகிறவர், நல்லது செய்வதாக நினைத்துக் கடிகாரத்தைத் தவறான பக்கம் திருகுகிறார். பத்து மணிவரை கறுப்புக் கண்ணாடியும் திரையும், அதன்பின் வெயில். மெலடோனின் மாத்திரையும் கிழக்குப் பயணத்தில் போன ஊரின் படுக்கை நேரத்துக்கு எடுத்துக்கொண்டால் உதவுகிறது. வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

லண்டன் போனவருக்கு நான்கு நாளில் உடல் அந்த ஊருக்குப் பழகிவிடும். சில வாரம் இருந்துவிட்டு வீடு திரும்புவது கிழக்குப் பயணம். அதற்கு ஐந்தாறு நாள் ஆகும். முதல் இரவு வீட்டார் பத்து மணிக்குப் படுத்தபின், ஊருக்கு வந்தவர் மட்டும் மூன்றரை வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பார்.